முதல் வருடத்துச் சீட்டு

நேயர்களுக்கு வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் பொது மருத்துவம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்தபோது ஒரு வழக்கம் வைத்திருந்தேன். முதலாண்டு எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் கல்லூரிக்குள் வந்த வாரமே ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுப்பேன். "எந்தத் துறை டாக்டர் ஆகணும், ஏன்? ரெண்டு வரி எழுதுங்க" என்பேன். எல்லாவற்றையும் வாங்கி, உறையில் போட்டு ஒட்டி, பீரோவில் வைத்துவிடுவேன். நாலரை வருடம் கழித்து அவர்கள் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராக, வார்டில் நிற்கும்போது அந்தச் சீட்டை அவரவர் கையில் கொடுப்பேன். மறுபடியும் அதே கேள்வி.

முதல் சீட்டுகளில் பெரும்பாலும் இதய நோய் நிபுணர், மூளை அறுவை நிபுணர், குழந்தை நல மருத்துவர் என்றுதான் இருக்கும். காரணத்தைத் தேட வேண்டியதே இல்லை, அது வீட்டிலேயே இருக்கும். தாத்தாவுக்கு மாரடைப்பு வந்த ராத்திரி. தம்பிக்கு வந்த வலிப்பு. பதினெட்டு வயதில் ஒரு பிள்ளைக்கு மருத்துவம் தெரிவது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவினராகக் காத்து நின்ற அளவில்தான். மயக்க மருந்து நிபுணர் ஆக வேண்டும் என்று யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குள் நோயாளியின் மூச்சைக் காத்து நிற்பவரே அவர்தான். ஆனால் வெளியே காத்திருக்கும் குடும்பம் அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லையே.

அதன்பின் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று பாடங்கள் வரும். அந்த வருடம் ஆசையை யாரும் தொடுவதில்லை. வார்டுக்குள் கால் வைத்த பிறகுதான் மாற்றம் தொடங்கும். இதய நோய் என்று எழுதியவன் லேபர் வார்டில் முதல் குழந்தையைக் கையில் வாங்கிவிட்டு அன்றைக்கு முழுவதும் வேறு பேச்சே பேச மாட்டான். ரத்தம் பார்த்தால் மயங்குகிறவள் என்று வீட்டில் சொன்ன பெண், எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டு போடுவதை விட்டு நகர மாட்டாள். யாருடைய யூனிட்டில் போஸ்டிங் விழுந்தது என்பதும் பெரிய காரணம். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற பேராசிரியர் ஒருவர் இருந்தால், அந்த வருடம் அந்தத் துறைக்கு நாலு பேர் கூடுதலாக ஆசைப்படுவார்கள். மாணவர்கள் முன்னால் இன்னொரு துறையை மட்டம் தட்டிப் பேசும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. எத்தனை பிள்ளைகளின் விருப்பத்தை அந்தப் பேச்சு அணைத்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது சீட்டில் துறை மட்டும் மாறுவதில்லை. கேள்வியே மாறிப்போகிறது. "என்னவாக ஆகணும்" என்றிருந்தது, "எப்படி வாழணும்" என்று ஆகிவிடுகிறது. முப்பத்தாறு மணி நேரம் தொடர்ந்து டியூட்டி பார்க்கும், பி.ஜி. என்கிற முதுநிலை படிக்கும் அண்ணன்களையும் அக்காக்களையும் இவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். இன்று முதுநிலை கவுன்சலிங்கில் முன்வரிசை ரேங்க் வாங்கியவர்கள் ரேடியாலஜி (எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் துறை), பொது மருத்துவம், தோல் மருத்துவம் என்று எடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சோம்பேறித்தனம் என்று சொல்கிற மூத்தவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன்தான். இப்போது அப்படி நினைக்கவில்லை. தூங்க வேண்டும், பிள்ளையோடு சாப்பிட வேண்டும் என்று ஒரு டாக்டர் நினைப்பதில் தப்பு எதுவும் இல்லை. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் படிப்புச் செலவு ஒரு கோடியைத் தாண்டுகிறது. அந்தக் கடன் சுமையோடு வரும் பிள்ளை வருமானத்தைக் கணக்குப் போடாமல் எப்படி இருக்கும்?

என்னால் ஏற்க முடியாத மாற்றம் ஒன்று உண்டு. ஒரு மாணவி. அப்பா விசைத்தறித் தொழிலாளி. முதல் சீட்டிலும் அறுவை சிகிச்சை, இரண்டாவது சீட்டிலும் அறுவை சிகிச்சை. நடுராத்திரி குடல்வால் கேஸ் வந்தால், டியூட்டி இல்லாத நாளிலும் தியேட்டர் வாசலில் வந்து நிற்பாள். தையல் அவ்வளவு சுத்தமாக இருக்கும். கவுன்சலிங் வந்தபோது வீட்டில், "கல்யாணம் ஆகப்போற பொண்ணு, ராத்திரி டியூட்டி இல்லாததா பாரும்மா" என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பயத்தில் சொன்னார்கள். ஆனால் எங்கள் துறையிலேயே ஒரு மூத்தவர், "சர்ஜரி உனக்கு எதுக்கும்மா, ஓ.ஜி. எடு" என்றார். ஓ.ஜி. என்றால் மகப்பேறு, மகளிர் மருத்துவம். அவள் வேறு துறை எடுத்தாள், நன்றாகவே இருக்கிறாள். இருந்தும் சொல்கிறேன், ஒரு நல்ல சர்ஜனை நாம் இழந்தோம். வார்டில் நின்று யோசித்து அவள் மனசு மாறியிருந்தால் எனக்குச் சம்மதம். அவளுடைய மனசை மற்றவர்கள் மாற்றியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மாறுவதே பிழை என்று நான் சொல்லவில்லை. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். உறவுப் பெண்கள் மூன்று பேர் பிள்ளைத்தாய்ச்சிகளாக இருக்கும்போதே இறந்ததைச் சிறுவயதில் பார்த்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றே படிக்க வந்தார். கடுமையான முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. அந்த ஆசை முடிந்தது. கண் மருத்துவத்துக்கு மாறினார். அதே விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் சாந்தா மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர். எழும்பூர் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் அரசு வேலையும் கிடைத்தது. அதை விட்டுவிட்டு 1955-இல், அடையாறில் 12 படுக்கைகளோடு இருந்த புற்றுநோய் நிலையத்துக்குப் போனார். பலருக்கும் அதிர்ச்சிதான். 2021-இல் மறையும்வரை அந்த வளாகம்தான் அவருக்கு வீடு.

இப்படி ஒரு மாற்றம் வர, ஒரு பிள்ளைக்கு நோயாளியோடு இருக்க நேரம் வேண்டும். அந்த நேரம்தான் இப்போது கரைந்துகொண்டிருக்கிறது. ஹவுஸ் சர்ஜன் வருடம் என்பது ஒவ்வொரு துறையாகச் சுற்றி வந்து, எங்கே மனசு நிற்கிறது என்று பார்ப்பதற்கான ஒரே வருடம். ஆனால் அதன் முடிவில் முதுநிலைச் சேர்க்கைக்கான நீட் பி.ஜி. தேர்வு காத்திருக்கிறது. மூன்றரை மணி நேரம், 200 கேள்விகள். அதனால் வார்டில் ரத்தம் எடுத்து முடித்த கை, உடனே செல்போனில் கேள்வி வங்கியைத் திறக்கிறது. படுக்கையில் இருப்பவர் தன் கதையைச் சொல்லத் தொடங்குவார், இவர்கள் கண் திரையில் இருக்கும். அந்தப் பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்? அந்தத் தேர்வில் நோயாளியிடம் பேசத் தெரிந்ததற்கு மதிப்பெண் கிடையாது. பிறகு, விருப்பத்தை ரேங்க் முடிவு செய்கிறது. என்ன கிடைக்கிறதோ அதை எடு என்பதுதான் கடைசி ஆலோசனை. 2023-இல் காலி இடங்களை நிரப்ப, தகுதி மதிப்பெண்ணைப் பூஜ்ய சதமானம்வரை, அதாவது தேர்வு எழுதிய எல்லோருக்கும் தகுதி உண்டு என்ற அளவுக்கு, இறக்கினார்கள். பிள்ளைகளுக்கு ஆசை பிறக்கவே இடம் கொடுக்காமல் விட்டுவிட்டு, கடைசியில் வாசலை மட்டும் அகலமாகத் திறந்து வைத்தோம்.

தமிழ்நாட்டில் நமக்கு ஒரு நல்ல வழி இருந்தது, இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கும் அரசு டாக்டர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தனி ஒதுக்கீடு. இடையில் அது சிக்கலுக்கு உள்ளாகி, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, மாநிலங்கள் அப்படி ஒதுக்கலாம் என்று உறுதி செய்தது. பி.ஜி. இடத்துக்காகவே கிராமத்துக்குப் போகிறார்கள் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. போகட்டுமே. அந்த இடத்துக்காகப் போன என் மாணவன் ஒருவன், அங்கே சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வந்தவர்களின் கால் புண்ணைத் தினமும் பார்த்துப் பார்த்து, பொது மருத்துவம்தான் வேண்டும் என்று முடிவெடுத்தான். முதல் சீட்டில் அவன் எழுதியிருந்தது ரேடியாலஜி.

கடைசியாக நான் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்த வருடம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் புதுச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் வெறும் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அப்போது மனநலப் பிரிவில் போஸ்டிங். மொத்தமே இரண்டு வாரம்தான். "என்னப்பா, எழுதலையா?" என்றேன். "சார், வார்டுல ஒருத்தர் பத்து நாளா யார்கிட்டயும் பேசல. நேத்துதான் என்கிட்ட அவர் பேரச் சொன்னார். இன்னும் மூணு நாள்ல எனக்கு வேற போஸ்டிங் வந்துரும். அதுக்குள்ள என்ன சார் எழுதறது?" என்றான்.

சீட்டை அவனிடமே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த யூனிட் பேராசிரியரிடம் பேசி, டியூட்டி முடிந்த சாயங்கால வேளைகளில் அவன் அந்த வார்டுக்கு வந்து போக அனுமதி வாங்கிக் கொடுத்தேன். வணக்கம்.