சம்பளச் சீட்டில் எழுதப்படாத அடி

[திரையில்: பாயான் லெப்பாஸ், விடியற்காலை. தொழிற்சாலை பஸ்களிலிருந்து பெண்கள் இறங்குகிறார்கள்.]

1969இல் மலேசியாவின் பினாங்கு மாநிலம் தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. 1972இல் அங்குள்ள பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக வட்டாரம் திறக்கப்பட்ட பிறகுதான் மாநிலம் மூச்சுவிட்டது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. நுண்ணோக்கியில் கண் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். கம்பம் எனப்படும் கிராமங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். பினாங்கின் வளர்ச்சி என்று நாம் பெருமைப்படுவது அந்தப் பெண்கள் நாள் தவறாமல் வேலைக்கு வந்ததால் கிடைத்தது.

வீட்டில் விழும் அடி முதலில் பறிப்பது அந்த வருகையைத்தான்.

[திரையில்: ஒரு சம்பளச் சீட்டு, மிக அருகில்.]

ஓர் ஓப்பரேட்டரைக் கற்பனை செய்துகொள்வோம். சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் அது. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் கூலி 65 ரிங்கிட் 38 சென். ஞாயிறு இரவு கணவன் அறைந்ததில் கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருக்கிறது. கிளினிக்குக்குப் போனால் டாக்டர் எப்படி ஆனது என்று கேட்பார். சொல்ல வாய் வராது. போகாவிட்டால் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்றிதழ் கிடைக்காது. ஆகவே மூன்று நாள் வீட்டோடு இருக்கிறாள். சம்பளத்தில் 196 ரிங்கிட் பிடித்தம். முழு வருகைக்கான படி அந்த மாதம் இல்லை. ஒன்றரை மடங்கு கூலி தரும் ஓவர்டைமும் போயிற்று.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. முன்னனுமதியின்றி, தகுந்த காரணமும் தெரிவிக்காமல், தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். ஒரு கன்றிய கண் ஆற அதற்கும் மேல் ஆகும்.

அந்தச் சீட்டில் 'சம்பளமில்லா விடுப்பு' என்று ஒரு வரி இருக்கும். அடியைப் பற்றி எதுவும் இருக்காது. இப்படிப்பட்ட சீட்டுகளைக் கூட்டித்தான் நாட்டின் பொருளாதாரப் புள்ளிவிவரம் எழுதப்படுகிறது. மலேசியாவில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரே வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். ஆண்களில் 80 விழுக்காட்டுக்கு மேல். குழந்தை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு என்று காரணங்களை அடுக்குகிறோம். அவை உண்மைதான். ஆனால் அடிக்குப் பயந்து வேலையை விட்டவளும் அந்தக் கணக்கில் 'இல்லத்தரசி' என்றே பதிவாகிறாள்.

சம்பளம் கையில் வந்தால் மட்டும் போதுமா? ஏ.டி.எம். அட்டை யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அவள் உழைத்த பணத்தை நேர்மையற்ற முறையில் பறித்து மனவேதனைக்கு உள்ளாக்குவதும் குடும்ப வன்முறைதான் என்று மலேசியக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2017 திருத்தம் சொல்கிறது. இதை அறிந்த பெண்கள் நம்மிடையே மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

[திரையில்: உலக வரைபடம்.]

உலகப் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வாழ்நாளில் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ சந்திக்கிறார் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. துணைவரின் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பும் அதிகம். அதாவது, சேதம் அடுத்த தலைமுறையின் உடம்பிலேயே தொடங்கிவிடுகிறது. இந்த வன்முறையின் விலை உலக உற்பத்தியில் சுமார் 2 விழுக்காடு என்று 2016இல் ஐ.நா. மகளிர் அமைப்பு கூறியது.

இவ்வளவு இருந்தும், 2000இல் உருவான ஐ.நா.வின் புத்தாயிரமாண்டு மேம்பாட்டு இலக்குகள் எட்டிலும் பெண்கள்மீதான வன்முறைக்கென ஓர் இலக்கு இல்லை. பெண் கல்வி இருந்தது, தாய்மார் நலம் இருந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் அவளுக்கு என்ன நேர்கிறது, கருவுற்றவளை யார் உதைக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் இல்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. 2015இல் வந்த நீடித்த மேம்பாட்டு இலக்குகளில்தான், 5.2 என்ற எண்ணில், அது இடம்பிடித்தது.

எல்லை தாண்டியும் இந்த அடி பாய்கிறது. மலேசிய வீடுகளில் பணிப்பெண்கள் கொடுமைப்படுத்தப்பட்டதால் 2009இல் இந்தோனேசியா புதிதாக ஆள் அனுப்புவதை நிறுத்தியது. இரு நாடுகளும் 2011இல் ஒப்பந்தம் செய்த பிறகே தடை நீங்கியது. ஒரு வீட்டின் சமையலறையில் நடந்தது, கடலுக்கு அப்பால் வேறொரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணத்தில் கை வைத்தது.

[திரையில்: அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு.]

நாம் கற்றுக்கொடுத்ததும் ஒன்று உண்டு. அடிபட்ட பெண் டாக்டர், போலீஸ், ஆலோசகர் என்று அலையாமல் ஒரே இடத்தில் உதவி பெறும் நெருக்கடி மையம் 1990களில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி, பிற அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது. ஆசியாவின் பிற நாடுகளும் அதைப் பார்த்துத் தங்கள் ஏற்பாடுகளை அமைத்தன.

இன்னும் செய்யாதது: விடுப்பு. பிலிப்பைன்ஸ் 2004லேயே வன்முறைக்கு ஆளான பெண் ஊழியருக்கு 10 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பைச் சட்டமாக்கியது. நியூசிலாந்தில் 2019 முதல் அது உண்டு. நம் தொழிற்சாலைகள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மனிதவளப் பிரிவு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று மகளைத் திருப்பி அனுப்பும் அம்மாமார்களுக்கும் அத்தைமார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தப் பழமொழியை விட்டுவிட்டு இவற்றைச் சொல்லி அனுப்புங்கள். சமூகநல இலாகா அதிகாரி, நீதிமன்றம் போகாமலேயே, 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு வழங்கலாம். பினாங்கில் 1985 முதல் பெண்களுக்குத் துணை நிற்கும் மகளிர் மாற்ற மையம் இருக்கிறது. அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே (Talian Kasih) எண் 15999. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.