54 நாள், 15 ஊர், 3 செட் இரும்பு: யூ2 360° டூர் ஐரோப்பாவுல எப்படி நகர்ந்துச்சு

வணக்கம். ஸ்க்ரீன்ல ஒரு லிஸ்ட் போட்டிருக்கேன், பாருங்க. யூ2-ங்கிற அயர்லாந்து ராக் பேண்டோட 360° டூர், முதல் ஐரோப்பா சுத்து. 2009 ஜூன் 30 பார்சிலோனால ஆரம்பிக்குது, ஆகஸ்ட் 22 கார்டிஃப்ல முடியுது. 54 நாள், 15 ஊர், 24 கச்சேரி. என்ன பாட்டு பாடினாங்க, பாடகர் போனோ நடுவுல என்ன பேசினாரு, அதெல்லாம் ஏற்கனவே யூட்யூப்ல கொட்டிக் கிடக்கு. இன்னிக்கு நாம பாக்கப் போறது இந்தத் தேதிகளை மட்டும்தான். லாரி எவ்வளவு நேரம் ஓடும், இரும்பு எத்தனை நாள்ல நிமிரும்னு தெரிஞ்சவங்க போட்ட லிஸ்ட் இது.

முதல்ல மேடை. சாதாரண ஸ்டேடியம் கச்சேரில மைதானத்தோட ஒரு கோடில மேடை போடுவாங்க. அதுக்குப் பின்னாடி இருக்கிற சீட்டு பூரா வீண், டிக்கெட் விக்க முடியாது. நாலு பக்கமும் ஜனம் உக்காரணும்னா மேடையை உள்ள தள்ளிப் போடணும். அப்போ ஸ்பீக்கர், லைட், ஸ்க்ரீன் எல்லாத்தையும் எதுல தொங்க விடறது? தூண் நட்டா பாக்கறவங்களுக்கு மறைக்கும். இதுக்கு ஷோ டிசைனர் வில்லி வில்லியம்ஸும் மேடை ஆர்க்கிடெக்ட் மார்க் ஃபிஷரும் கொண்டு வந்த வழிதான் அந்த நாலு கால் பூச்சி. க்ளா, அதாவது நகம்னு பேரு வெச்சாங்க. கால் நாலும் மேடையை விட்டு ரொம்ப அகலமா விரிஞ்சு நிக்கும், பாரம் மொத்தமும் மேல நடுவுல தொங்கும். உச்சிக் கம்பம் வரைக்கும் 50 மீட்டர். லாஸ் ஏஞ்சல்ஸ் ஏர்போர்ட்ல இருக்கிற தீம் பில்டிங்கைப் பாத்து வந்த யோசனைன்னு வில்லியம்ஸே சொல்லியிருக்காரு. இரும்பு வேலை பெல்ஜியத்து ஸ்டேஜ்கோ கம்பெனி. உருளை மாதிரி இருக்கிற அந்த ஸ்க்ரீன் பார்கோவோடது, அதுவும் பெல்ஜியம். அது சுருங்கி விரியற பொறியமைப்பை டிசைன் பண்ணினவர் சக் ஹோபர்மன். ஸ்க்ரீன் மட்டும் 54 டன்.

சரி, இவ்வளவு பெரிய சாரத்தை ஒரே நாள்ல கட்டி, பாடி, பிரிச்சுட்டு அடுத்த ஊருக்குக் கிளம்ப முடியாது. நம்மூர் திருவிழாவுக்கே பந்தக்கால் என்னிக்கு நடறாங்க, சாமி என்னிக்குப் புறப்படுதுன்னு பாருங்க! அதனால ஒரே மாதிரி மூணு செட் இரும்பு செஞ்சாங்க. ஒண்ணுல கச்சேரி நடக்கும்போது ரெண்டாவது அடுத்த ஊர்ல எழும்பிட்டு இருக்கும், மூணாவது போன ஊர்ல பிரிஞ்சு லாரி ஏறிட்டு இருக்கும். பச்சைக்குதிரை தாண்டற கணக்கு. ஸ்க்ரீன், ஸ்பீக்கர், லைட், வாத்தியம் இதெல்லாம் ஒரே செட்டுதான், அது பேண்டோடயே ஊர் ஊரா வரும். இந்த ரெண்டு வகையையும் மனசுல வெச்சுக்கோங்க, இரும்பு தனி, சரக்கு தனி.

ஏன் மூணு? ரெண்டு போதாதா? தேதியை வெச்சு நாமே போட்டுப் பாக்கலாம். கடைசி வாரத்தை எடுத்துக்கோங்க: கிளாஸ்கோ ஆகஸ்ட் 18, ஷெஃபீல்டு 20, கார்டிஃப் 22. ரெண்டே செட்டுன்னா கிளாஸ்கோல 18 ராத்திரி பாட்டு முடிஞ்ச இரும்பே 22-ஆம் தேதி கார்டிஃப்ல நிக்கணும். பிரிக்கறது, 600 கிலோமீட்டருக்கு மேல ஓட்டறது, திரும்பக் கட்டறது எல்லாம் நடுவுல இருக்கிற மூணே முழு நாள்ல. நடக்காது. மூணு செட்டை வரிசையாச் சுத்த விட்டா, கார்டிஃப்புக்கு வர்றது 15-ஆம் தேதி லண்டன் வெம்ப்ளில முடிஞ்ச இரும்பு. ஏழு நாள் கிடைக்குது. இதே கணக்கை முழு லிஸ்ட்டுக்கும் போட்டுப் பாருங்க, மத்த எந்த ஊருக்கும் எட்டு நாளுக்குக் குறையாது. ஏழு நாள் நெருக்கடி கடைசி ஊருக்கு மட்டும்தான். அதுவும் லண்டன்லேர்ந்து கார்டிஃப் மூணு மணி நேர ஓட்டம்.

அப்போ இரும்புக்குப் பிரச்சனை இல்ல. மூச்சு முட்டறது சரக்கு லாரிக்குத்தான்.

பெர்லின் ஜூலை 18, ஆம்ஸ்டர்டாம் ஜூலை 20. காலண்டரைப் பாருங்க, 18 சனிக்கிழமை, 20 திங்கள். நடுவுல ஞாயிறு. ஜெர்மனில ஞாயித்துக்கிழமை 0 மணிலேர்ந்து ராத்திரி 22 மணி வரைக்கும் 7.5 டன்னுக்கு மேல இருக்கிற சரக்கு லாரி ரோட்ல ஓடக்கூடாது. முன்கூட்டியே விண்ணப்பிச்சு விதிவிலக்கு வாங்கினாத்தான் உண்டு. வாங்கலைன்னா என்ன ஆகும்? ஞாயிறு ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பணும். 650 கிலோமீட்டர். ஜெர்மன் ஹைவே ஆட்டோபான்ல லாரிக்கு 80-தான் வேகம், சராசரி 75 வெச்சுக்கிட்டா எட்டே முக்கால் மணி நேரம். நடுவுல கட்டாய ஓய்வு 45 நிமிஷம். திங்கள் காலைல ஏழரைக்கு உள்ள நுழையலாம், அன்னிக்கு சாயங்காலமே கச்சேரி. வழில ஒரு டயர் வெடிச்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. இதே கதை ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்ப வருது: ஸ்வீடன்ல கோதன்பர்க் ஆகஸ்ட் 1 சனி, ஜெர்மனில கெல்சன்கிர்ஷன் ஆகஸ்ட் 3 திங்கள். ஸ்வீடனையும் டென்மார்க்கையும் தாண்டி ஜெர்மன் எல்லைக்கு வந்தா அங்க ஞாயிறு. இதை ஆபீஸ்ல உக்காந்து ஆறு மாசம் முன்னாடியே பாக்காம விட்டா, ராத்திரி எல்லைல நின்னுக்கிட்டு எந்த போனும் வேலைக்கு ஆகாது.

டிரைவர் நேரமும் சட்டம்தான். ஐரோப்பிய விதி 561/2006: ஒரு ஆள் ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் நிறுத்தணும். வாரத்துக்கு 56, ரெண்டு வாரம் சேத்து 90-க்கு மேல போகக்கூடாது. லாரில இருக்கிற டேக்கோகிராஃப் எல்லாத்தையும் பதிவு பண்ணும், ஏமாத்த முடியாது. நீண்ட ஓட்டத்துக்கு ஒரே லாரில ரெண்டு டிரைவர் போடுவாங்க, அப்போ 30 மணி நேரத்துக்குள்ள 9 மணி நேர ஓய்வு எடுத்தாப் போதும், வண்டி கிட்டத்தட்ட 18 மணி நேரம் ஓடும். இதனாலதான் கச்சேரி நடக்கிற அன்னிக்கு டிரைவருங்க பகல் பூரா தூங்குவாங்க. அவங்களை எழுப்பி "கொஞ்சம் பெட்டி தள்ளிக் குடுங்க"ன்னு சொன்னா அதுவும் வேலை நேரத்துல சேரும். பெட்டி தள்றது உள்ளூர் ஆளுங்க வேலை.

லாரில ஏத்தறதுக்கும் ஒரு முறை இருக்கு. கடைசியா ஏறினது முதல்ல இறங்கும். அடுத்த ஊர்ல முதல்ல என்ன வேணும்? கூரைல ஏத்தற செயின் மோட்டார், அப்புறம் லைட், ஸ்பீக்கர், ஸ்க்ரீன், கடைசியாத்தான் டிரம்ஸும் கிட்டாரும். ஆனா பாட்டு முடிஞ்சதும் முதல்ல கழட்டக் கிடைக்கிறது டிரம்ஸும் கிட்டாரும்தான், மோட்டார் கடைசில. கழட்டற வரிசையும் கட்டற வரிசையும் நேர் எதிரா இருக்கறதால ஒரு வகைக்கு ஒரு லாரின்னு பிரிச்சு, எந்த லாரி எந்த மணிக்கு மைதானத்துக்குள்ள வரணும்னு நம்பர் குடுத்து அனுப்புவாங்க. நம்பர் மாறி ரெண்டு லாரி முன்னப்பின்ன வந்தா, மேல ஏற வேண்டிய மோட்டார் வெளில நிக்கும், உள்ள நாப்பது பேர் கைகட்டி நிப்பாங்க.

டப்ளினுக்கு வருவோம். க்ரோக் பார்க்ல ஜூலை 24, 25, 27. ஸ்டேடியம் குடியிருப்புக்கு நடுவுல இருக்கு, வாசல் திறந்தா எதிர்ல வீடு. கடைசிக் கச்சேரிக்கு அப்புறம் ராத்திரி பூரா பிரிக்கிற வேலை நடக்கவும், அந்தத் தெருக்காரங்க கடுப்பாகி லாரிகளை வெளிய விடாம மறிச்சாங்க. அங்கேர்ந்து கப்பல் ஏறி ஸ்வீடன் போகணும், 31-ஆம் தேதி கோதன்பர்க் கச்சேரி. அந்தக் கச்சேரியே நடக்காமப் போயிடுமோன்னு பேச்சு வந்துச்சு. கடைசில நடந்துச்சு. தெருக்காரங்க மேல எனக்குக் கோபம் வரலை. மூணு கச்சேரியோட சத்தத்தைத் தாங்கினவங்க, நடுராத்திரி இரும்பு மேல இரும்பு விழற சத்தத்தையும் தாங்கணுமா?

கோதன்பர்க்ல அவங்க பாடின உல்லேவி ஸ்டேடியத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. அடில களிமண். 1985 ஜூன்ல ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் அங்க ரெண்டு நாள் பாடினப்போ கூட்டம் தாளத்துக்கு ஒண்ணா குதிச்சுது. அந்தத் தாளம் களிமண்ணோட ஆட்டத்தோட சேந்துக்கிச்சு, ஸ்டேடியமே ஆடி அஸ்திவாரம் பாதிச்சுது. அப்புறம் பெரிய செலவு பண்ணி பலப்படுத்தினாங்க. அதனாலதான் ஸ்டேடியம் பாக்கப் போற இன்ஜினியர் சீட்டு எத்தனைன்னு கேக்கறதுக்கு முன்னாடி கீழ என்ன மண்ணுன்னு கேப்பாரு. க்ளா மாதிரி நாலு கால்ல மொத்த பாரமும் இறங்கற மேடைன்னா, ஒவ்வொரு காலுக்கு அடிலயும் பாரத்தைப் பரப்பற தட்டு போடணும். மைதானத்துக்குக் கீழ தண்ணிக் குழாயோ சுரங்க வழியோ போச்சுன்னா காலோட இடத்தையே மாத்தணும். புல்லு இன்னொரு தலைவலி. மேல பிளாஸ்டிக் தளம் போட்டு மூடிட்டா வெளிச்சமும் காத்தும் கிடைக்காது, சில நாள்ல மஞ்சளாயிடும். ஆகஸ்ட்ல ஃபுட்பால் சீசன் ஆரம்பிக்கிற நாடுகள்ல இதுக்காகவே கிளப்புங்க தேதி தர யோசிக்கும்.

அடுத்தது எல்லை. ஆகஸ்ட் 9, 10 ஸாக்ரெப். குரோஷியா அப்போ ஐரோப்பிய யூனியன்ல இல்ல, 2013-லதான் சேந்துச்சு. இந்த மாதிரி எல்லையைத் தாண்டற சரக்குக்கு வழக்கமா எடுக்கிறது ஏடிஏ கார்னெட். சரக்குக்கு ஒரு பாஸ்போர்ட்னு வெச்சுக்கோங்க. ஒரு வருஷம் செல்லும். ஒவ்வொரு பொருளும் பேரு, சீரியல் நம்பர், எடை, மதிப்போட லிஸ்ட்ல இருக்கணும். வெளில போகும்போது ஒரு சீல், உள்ள வரும்போது ஒரு சீல். ஒரு சீல் விட்டுப்போனாலும் அந்தப் பொருளை நீங்க அங்கயே வித்துட்டதா எடுத்துக்கிட்டு வரி கேப்பாங்க. தீந்து போற பொருளை இதுல சேக்க முடியாது: கிட்டார் கம்பி, டிரம் குச்சி, பேட்டரி. விக்கிற டி-ஷர்ட்டும் கிடையாது, அதுக்குத் தனியா வரி கட்டணும். புதுசா டூர் பண்றவங்க மாட்டிக்கிறது பெரும்பாலும் இந்த டி-ஷர்ட் பெட்டிலதான்.

இப்போ அந்தப் படம் தலைகீழா மாறிடுச்சு. ஸாக்ரெப்புக்கு கார்னெட் வேண்டாம், லண்டனுக்கு வேணும். பிரெக்சிட்டுக்கு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளிய வந்ததுக்கு அப்புறம், பிரிட்டிஷ் பதிவு லாரி ஐரோப்பாவுக்குள்ள சரக்கோட போனா, அங்க மேற்கொண்டு ரெண்டு ஓட்டம்தான், அப்புறம் திரும்பிடணும். 15 ஊர் டூருக்கு அது எந்த மூலைக்கு? அதனால டூர் லாரி கம்பெனிங்க அயர்லாந்துலயோ நெதர்லாந்துலயோ ஒரு கிளை திறந்து அங்கயும் பதிவு பண்ணிக்கிட்டாங்க.

பணம் பத்தி ஒரே வார்த்தை. இந்த டூருக்கு ஒரு நாள் செலவு சுமார் 7,50,000 டாலர்னு மேனேஜர் பால் மெக்கின்னஸ் சொன்னாரு. கச்சேரி இருந்தாலும் இல்லாட்டியும் அதே மீட்டர்தான் ஓடும். ஏன் கிளாஸ்கோ, ஷெஃபீல்டு, கார்டிஃப்னு ஒருநாள் விட்டு ஒருநாள் வெச்சாங்கன்னு இப்போ புரிஞ்சிருக்கும். 2010 மே மாசம் போனோவுக்கு முதுகுல அடிபட்டு மியூனிக்ல ஆபரேஷன் ஆச்சு, அந்த வருஷத்து வட அமெரிக்கக் கச்சேரிங்க 2011-க்குத் தள்ளிப் போச்சு. மொத்த டூர் 2011 ஜூலைல முடிஞ்சப்போ 110 கச்சேரி, 70 லட்சத்துக்கு மேல ஜனம்.

கடைசியா, அந்த மூணு செட்டுல ஒண்ணு இப்போ எங்க இருக்குன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அமெரிக்கால யூட்டா மாநிலத்துல டிரேப்பர்னு ஒரு ஊர். அங்க இருக்கிற மீன் காட்சிசாலைக்காரங்க வாங்கி வாசல்ல நிறுத்தி வெச்சிருக்காங்க. ஹைவேல போகும்போதே தெரியும். அடுத்த வீடியோல சவுண்டு: 100 மீட்டர் தள்ளி நிக்கிறவருக்கு ஸ்க்ரீன்ல வாய் அசைஞ்சு 0.3 நொடி கழிச்சுப் பாட்டு ஏன் கேக்குது, அதை எந்த அளவுக்குச் சரி பண்ண முடியும்னு பாக்கலாம்.