அந்த அக்காவுக்குப் பொழுது விடிவது இரண்டு மணிக்கு

நடுவர் அவர்களுக்கும், அவையோருக்கும், எதிரணி நண்பர்களுக்கும் என் வணக்கம்.

நோயாளி நலம்பெறப் பெரிதும் துணைநிற்பது நவீனக் கருவிகளா, நோயாளியை நடுவில் வைத்து நடக்கும் மருத்துவமா என்பது நடுவர் தந்திருக்கும் தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர் ஸ்கேன் கருவிகளையும் ரோபோ அறுவை சிகிச்சையையும் அடுக்கிவிட்டு, முடிக்கும்போது எங்கள் அணியைப் பார்த்து, "நோயாளியைக் கேட்டு வைத்தியம் பார்ப்பது, பேருந்தில் ஏறிய பயணியிடம் ஸ்டீயரிங்கைக் கொடுப்பதற்குச் சமம்" என்றார். அரங்கமும் கைதட்டியது. நண்பரே, பேருந்தை ஓட்டுநர்தான் ஓட்ட வேண்டும். அதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் நம் ஊர்ப் பேருந்தில் ஏறியவுடன் நடத்துநர் முதலில் என்ன கேட்கிறார்? "எங்கே போகணும்?" என்றுதானே கேட்கிறார்! திருமங்கலம் போக வேண்டியவரை மேலூரில் இறக்கிவிட்டு, வண்டி குலுங்காமல் வந்ததே என்று பெருமை பேசினால் அந்தப் பயணி ஏற்றுக்கொள்வாரா? நாங்கள் கேட்பது ஸ்டீயரிங்கை அல்ல, அந்த ஒரு கேள்வியைத்தான்.

அந்தக் கேள்வி கேட்கப்படாததால் என்ன நடந்தது என்பதற்கு எங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார். பூக்கட்டி விற்கும் அக்கா அவர். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய் உதிரி மல்லிகை வாங்கி வந்து, கட்டி, காலைக் கூட்டத்தில் விற்று முடித்த பிறகு, பத்து மணிக்குத்தான் முதல் கவளம் அவர் வாய்க்குப் போகும். சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காலை ஒன்று, சாப்பாட்டுக்கு முன். அந்த அக்காவுக்குப் பொழுது விடிவது இரண்டு மணிக்கு. ஆகவே இரண்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். சாப்பாடு எப்போது? பத்து மணிக்கு. அது இரத்தத்தில் சர்க்கரையை இறக்கும் மாத்திரை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. ஐந்து மணிக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, பூக்கூடையோடு சாய்ந்துவிட்டார்.

அக்கம்பக்கத்தார் இனிப்பான தேநீரைக் கொடுத்து எழுப்பினார்கள். அன்றிலிருந்து நடுக்கம் வந்தாலே சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டது. அடுத்த மாதப் பரிசோதனையில் சர்க்கரை அளவு ஏறியிருந்தது. என்ன செய்தார்கள்? மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். மறுபடியும் மயக்கம், மறுபடியும் சர்க்கரை, மறுபடியும் பரிசோதனை, மறுபடியும் கூடுதல் மாத்திரை!

நண்பர் கருவிகளின் பக்கம் நிற்பதால், இதே கதையைக் கருவிகளின் பக்கமிருந்தும் சொல்கிறேன். இரத்தப் பரிசோதனைக் கருவி பழுதானதா? இல்லை, அது காட்டிய எண் சரி. மாத்திரை போலியா? இல்லை, அது தன் வேலையைத்தான் செய்தது. மருத்துவர் படிக்காதவரா? நன்றாகப் படித்தவர். எல்லாம் சரியாக இருந்தும் அந்த அக்கா விழுந்தார். "எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை.

இதைச் சொல்வதால் மருத்துவர்கள் மேல் பழி போடுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பல நாடுகளின் மருத்துவர்கள் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரத்தைத் தொகுத்து 2017-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் ஸ்வீடனில் 20 நிமிடங்களுக்கு மேல். இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். வரிசையில் நூறு பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு எந்த மருத்துவரால் பூச்சந்தையைப் பற்றிக் கேட்க முடியும்? ஆகவே குறை அவரிடம் இல்லை. நோயாளியின் வாழ்க்கைக்கு இடமே ஒதுக்காமல் அமைக்கப்பட்ட முறையில் இருக்கிறது. நாள்பட்ட நோய்களுக்கான மருந்துகளை வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் சொன்னபடி எடுத்துக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் சொன்னது. வசதியும் கருவியும் குறையாத நாடுகளின் நிலை அது.

கதையின் மீதியைச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டதும், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்குமான மருந்துகள் வீட்டுக்கே வரத் தொடங்கியதும் இந்த அவை அறியும். எங்கள் தெருவுக்கு வந்த சுகாதாரத் தன்னார்வலர் அக்காவின் திண்ணையில் உட்கார்ந்தார். பூக்கட்டிக்கொண்டே அக்கா பேச, அவர் கேட்டார். கேட்டதைக் குறித்துக்கொண்டு போய் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொன்னார். மருத்துவர் அக்காவை வரவழைத்து, அளவைக் குறைத்து, பத்து மணிச் சாப்பாட்டோடு மாத்திரையைச் சேர்த்துவிட்டார். நண்பரே, ஸ்டீயரிங் இப்போதும் மருத்துவர் கையில்தான் இருந்தது. போகுமிடம் மட்டும் சரியாகத் தெரிந்துவிட்டது.

பயணி உறங்கும்போது வழியை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் நாடு பார்த்திருக்கிறது. வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோபிப் பரிசோதனைக்கென்று மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே நின்ற தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அவர் கண்விழிக்கும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும், தாயின் சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்ற தாய்கூட நோயாளியின் இடத்தில் உட்கார முடியாது என்று சட்டமே சொல்லும்போது, ஒரு கருவியை எப்படி அங்கே உட்கார வைக்க முடியும்?

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. என் அத்தையைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் முற்றி, இனிக் குணமாகாது என்ற நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். மூக்கில் குழாய், கையில் ஊசி, தலைமாட்டில் ஒளிரும் திரை. நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று, அடுத்து என்ன செய்யலாம் என்று எங்களுக்குள்தான் பேசிக்கொண்டிருந்தோம். புதிதாக வந்த ஓர் இளம் மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அத்தையின் அருகில் உட்கார்ந்து, "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அத்தைக்கு அதிகம் பேச முடியவில்லை. "வீட்டுக்குப் போகணும், வலி மட்டும் இருக்கக் கூடாது" என்றார்.

அந்த மருத்துவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். வலிக்கான மருந்துகளை எழுதி, கொடுக்கும் முறையையும் கற்றுத்தந்து அனுப்பிவைத்தார். கடைசி நாட்களில் அத்தை தன் கட்டிலில் படுத்துக்கொண்டு, பேரப் பிள்ளைகளை அதட்டினார். ரசத்தில் புளி போதவில்லை என்று மருமகளிடம் குறைபட்டுக்கொண்டார். வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்து கையைப் பிடித்துப் பேசிவிட்டுப் போனார்கள். அத்தையை அந்த மருத்துவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டில் கட்டும் முதல் இனிப்புப் பொட்டலம் அவர் வீட்டுக்குத்தான் போகிறது. நன்றி, வணக்கம்.