பத்து வெள்ளிக் கண்ணாடி

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்த கையோடு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இந்தப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் அக்கா, அண்ணன்மாரே, எல்லாருக்கும் வணக்கம்.

வயது போன பிறகு மீண்டும் படிக்க வருகிறவரைக் கரை சேர்ப்பது அவருடைய மனஉறுதியா, சுற்றியிருப்பவர்களின் ஆதரவா? இதுதான் இன்றைய தலைப்பு. ஆதரவுதான் என்பது எங்கள் அணி. மனஉறுதிதான் என்று எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். ஐம்பத்திரண்டு வயதில் எஸ்பிஎம், அதாவது மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு, தேறிய ஓர் அம்மாவைச் சொன்னார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டும்போதே எனக்கு ஒரு கேள்வி வந்தது. அந்த அம்மாவோடு சேர்ந்து வகுப்பில் பெயர் கொடுத்து, பாதியில் நின்றுபோனவர்கள் இருப்பார்களே, அவர்களை என்னவென்று சொல்வது? மனஉறுதி இல்லாதவர்கள் என்றா?

ஐயா, நான் செந்தூலில் ஒரு மாலை வகுப்பில் பாடம் சொல்லித் தருகிறேன். பள்ளிக்கூடம் போகாமல் தனியாகப் பதிந்து எஸ்பிஎம் எழுதுகிற பெரியவர்களுக்கான வகுப்பு அது. அங்கே நாற்பத்தாறு வயதில் ஓர் அக்கா வந்து சேர்ந்தார். கட்டடத் துப்புரவு வேலை. விடியற்காலை நாலரைக்கு எழுந்திருக்கிறவர். முதல் மூன்று வாரம் ஒரு வகுப்புகூட விடவில்லை, முதல் வரிசையில்தான் உட்காருவார்.

நாலாவது வாரம் ஒரு தாளைக் கொடுத்து ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொன்னேன். அவர் முறை வந்தது. தாளைக் கையில் வாங்கினார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், விளக்குப் பக்கம் திருப்பினார். தாள் இலேசாக நடுங்கியது. “எல்லாம் மறந்து போச்சு டீச்சர், அடுத்தவங்க படிக்கட்டும்” என்றார். நானும் பரவாயில்லை அக்கா என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனேன். இவருக்கு அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் போலிருக்கிறதே என்று மனத்துக்குள் ஒரு கணக்கு. அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘ஆர்வம் குறைவு’ என்று எழுதினேன். என் கையால்தான் எழுதினேன் ஐயா. இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திருப்பினால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஒரு மாதம் கழித்துச் சந்தையில் அவரைப் பார்த்தேன். மசாலைத்தூள் பொட்டலம் ஒன்றைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் “இது என்ன விலைம்மா போட்டிருக்கு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளெழுத்து! நாற்பதைத் தாண்டினால் கண்ணின் வில்லை இறுகிப்போய் கிட்டத்து எழுத்து மங்கும். இது எல்லாருக்கும் வருவது. தூரத்தில் வரும் பஸ் எண் அவருக்குப் பளிச்சென்று தெரிகிறது. பொடி எழுத்தைப் பல வருடமாக வாசிக்க வேண்டிய தேவையே வரவில்லை. அதனால் தன் கண் மாறிப்போனது அவருக்கே தெரியவில்லை, படித்தது மறந்துவிட்டது என்றே நம்பியிருக்கிறார்.

அந்தச் சந்தையிலேயே வாசிப்புக் கண்ணாடி ஒன்று வாங்கினோம். விலை பத்து வெள்ளி, பத்து ரிங்கிட். மாட்டிக்கொண்டு பொட்டலத்தின் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று வாசித்தார். “டீச்சர், எழுத்தெல்லாம் அங்கேயேதான் இருக்கு” என்றார். வகுப்புக்குத் திரும்பி வந்தார்.

எதிரணி நண்பர்களே, அந்த ஒரு மாதமும் அவருடைய மனஉறுதி எங்கே போயிருந்தது? எங்கும் போகவில்லை. வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

இரண்டாவதாகப் பேசிய அண்ணன் ‘இளமையில் கல்’ என்று ஔவையை அழைத்து வந்தார். சரி. அது பிள்ளைக்கும் பிள்ளையைப் பெற்றவருக்கும் சொன்ன சொல். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பன்னிரண்டு வயதில் நிறுத்தப்பட்ட பெண்ணிடம், இன்றைக்கு அதே சொல்லைக் கொண்டுபோய்க் காட்டலாமா? இந்த நாட்டில் தொடக்கக் கல்வியே 2003-ல்தான் சட்டப்படி கட்டாயமானது. அதற்கு முன்பு ஒரு பிள்ளை பள்ளிக்கு வராமல் போனால், ஏன் வரவில்லை என்று சட்டம் யாரையும் கேட்கவில்லை. அப்படி விடுபட்டவர்கள்தான் இன்று என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்புறம், வாய்ப்புகள் கொட்டிக் கிடக்கின்றன, மனம் வைத்தால் போதும் என்றார்கள். அந்த வாய்ப்புகள் எப்படி வந்தன? பினாங்கில் யுஎஸ்எம் பல்கலைக்கழகம் 1969-ல் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கிற தொலைநிலைத் திட்டத்தை 1971-ல் கொண்டுவந்தது. 1970-ல் அலோர் ஸ்டாரில் இருந்த ஓர் ஆசிரியருக்கு மனஉறுதி குறைவாகவா இருந்திருக்கும்? அடுத்த ஆண்டு அவரால் சேர முடிந்ததென்றால், மாறியது அவர் மனமா? பிறகு ஓப்பன் யூனிவர்சிட்டி மலேசியா வந்தது, பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. இருபத்தொரு வயது நிரம்பி, வேலை அனுபவமும் உள்ளவர், அந்த அனுபவத்தையே காட்டி இளங்கலைக்கு விண்ணப்பிக்கிற அப்பெல் முறை வந்தது. இவையெல்லாம் ஆதரவின் பெயர்கள் ஐயா. எங்கள் அணியின் சாட்சிகளை எதிரணி தன் பக்கம் உட்கார வைத்திருக்கிறது. சரி, அரசாங்கத்தின் பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனையும் பாருங்கள். விண்ணப்பிக்க வயது 45-ஐத் தாண்டக் கூடாது. 46 வயதுக்காரருக்கு மனஉறுதி இரட்டிப்பாக இருந்தாலும் அந்தக் கடன் இல்லை.

என் வகுப்பில் ஓர் அண்ணன் இருக்கிறார், அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதுகாவலர் வேலை. பன்னிரண்டு மணி நேரம், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. எங்கள் வகுப்போ ஏழரைக்கு. ஒரு வாரம் வருவார், மறுவாரம் வர முடியாது. பள்ளியை விட்டபோது அவருக்குத் தேசிய மொழியான மலாய் மட்டும் தேறினால் போதும் என்ற நினைப்பு. 2013 முதல் வரலாற்றிலும் தேறினால்தான் எஸ்பிஎம் சான்றிதழ். அதை எங்கள் வகுப்பில்தான் தெரிந்துகொண்டார். அவருக்காகப் பாடத்தை நாலு நாலு நிமிடமாகக் குரல் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தோம். காவல் சாவடியில் உட்கார்ந்து ஒரு காதில் மட்டும் கேட்பார். இன்னொரு காது வாசல் கேட்டுக்கு.

ஒருநாள் 1948-ல் அமைந்த மலாயாக் கூட்டரசு பற்றிய பாடம். அதற்கு முன் பிரிட்டிஷார் அமைத்த மலாயன் யூனியன் ஆட்சியமைப்பைவிடக் குடியுரிமை விதி இறுகியது, வெளியிலிருந்து வந்தவர் முந்தைய 25 ஆண்டில் 15 ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போகப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் பாடத்தை முடிக்கிற பழக்கம் எனக்கு. அவர் கை தூக்கினார். “டீச்சர், எங்க தாத்தா ரெண்டு வருசத்துக்கு ஒரு தோட்டம் மாறினவரு. பதினஞ்சு வருசத்தை எந்தத் தாளை வச்சுக் காட்டியிருப்பாரு? எங்க அம்மா சாகிற வரைக்கும் சிவப்பு அடையாள அட்டைதான்.” சிவப்பு அட்டை என்றால் குடியுரிமை இல்லாதவர் ஐயா. வகுப்பு அப்படியே அமைதியானது. பின் வரிசையிலிருந்து ஓர் அம்மா, எங்க வீட்டிலயும் அதேதான் என்றார். அன்று பாடம் முடியவில்லை. ஆனால் தேர்வில் குடியுரிமைக் கேள்வி வந்தால் இனி அந்த வகுப்பில் யாரும் தப்பாக எழுத மாட்டார்கள். பெரியவர்களுக்குப் பாடம் நடத்துவதென்றால் அந்தப் பேச்சுக்கு இடம் விட வேண்டும், விடத் தெரிய வேண்டும். எனக்கே அதைக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் பிடித்தது.

நேற்று இரவு பதினொன்றரைக்கு அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. மலாயன் யூனியனை மலாய்க்காரர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்ற கேள்விக்குத் தான் எழுதிய பதிலை மலாயில் வாசிக்கிறார். இரண்டாவது காரணத்தில் ஒரு கார் ஹாரன். “வர்றேன் பாஸ்” என்கிறார், தடுப்புக் கம்பம் ஏறி இறங்கும் சத்தம், நாற்காலி நகரும் சத்தம். விட்ட சொல்லிலிருந்து திரும்பத் தொடங்குகிறார். கடைசியில், “நாலு காரணம் கேட்டிருக்காங்க டீச்சர், எனக்கு மூணுதான் வருது.”

சுல்தான்களின் அதிகாரம் பறிபோனதை எழுதாமல் விட்டுவிட்டார் ஐயா. இந்த வாரம் அவருக்கு இரவு வேலை, இந்நேரம் சாவடியில்தான் இருப்பார். மேடையை விட்டு இறங்கியதும் அதைச் சொல்லி அனுப்ப வேண்டும். நன்றி, வணக்கம்.