அலகு வெட்டிய கோழியும் அதன் பேன்களும்

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவின் நிபோங் திபாலில், அத்தை வீட்டுக் கொல்லையிலிருந்து பேசுகிறேன். காலையில் பெய்த மழையில் மண் இன்னும் ஈரமாக இருக்கிறது. அதனால்தான் இந்தப் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன்.

மடியில் இருக்கும் சிவப்புக் கோழியின் முகத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். மேல் அலகின் நுனியைக் காணோம், பார்த்தீர்களா? நெருக்கமாக அடைத்து வளர்க்கும் இடங்களில் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளக் கூடாதென்று குஞ்சாக இருக்கும்போதே வெட்டிவிடுவார்கள். போன மாதம் அத்தை இதைப் பாசாரில் ஒருவரிடம் வாங்கினார். நல்ல கோழி, ஒரு குறையும் இல்லை என்று சொல்லித்தான் அவர் கொடுத்தார்.

இப்போது வாலுக்குக் கீழே இறகை விலக்குகிறேன். மேக்ரோ லென்ஸைப் போட்டுவிட்டேன், கை ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இறகுத் தண்டின் அடியில் சர்க்கரை ஒட்டிக்கொண்டது போல வெள்ளையாகக் கொத்துக் கொத்தாகத் தெரிகிறதே, அது ஈர். வெளிச்சம் பட்டதும் வைக்கோல் நிறத்தில் நாலாபக்கமும் ஓடுகிறதே, அதுதான் பேன். அதன் நீளம் மூன்று மில்லிமீட்டர், கொஞ்சம் கூடவும் இருக்கலாம். மெனகாந்தஸ் ஸ்ட்ராமினியஸ் என்பது அதன் பெயர். கோழியின் உடம்புப் பேன்.

சரி, அடுத்து இந்தக் கறுப்பு நாட்டுக்கோழி. இதற்கும் அதே கூடு, அதே தீனி. அலகு மட்டும் முழுதாக இருக்கிறது. அதே இடத்தில் இறகை விலக்கி நேற்று கால் மணி நேரம் தேடினேன். இரண்டே இரண்டு பேன்தான் கிடைத்தது. ஒரே கூட்டில் இருக்கும் இரண்டு கோழிகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் ஏன்? இன்றைக்குப் பேச வந்தது அதைத்தான்.

அதற்கு முன் ஒரு விஷயம். பக்கத்து வீட்டு அக்கா நேற்று பிள்ளைகளை இந்தப் பக்கமே விடவில்லை. கோழிப் பேன் பிள்ளைகள் தலையில் ஏறிவிடும் என்று பயந்துவிட்டார். கோழிப் பேன் கையில் ஊரும், ஆனால் மனிதர் மேல் குடியிருக்க அதனால் முடியாது. நம் தலைப்பேனுக்கு ஊசி மாதிரி வாய். இரத்தத்தைத் தவிர வேறெதையும் அது குடிக்காது. பறவைப் பேனுக்கு இருப்பது கடித்து மெல்லும் தாடை. இறகின் இழையையும் தோலின் செதிலையும் தின்னும். பறவையை விட்டு விழுந்தால் சில நாட்களில் செத்துவிடும்.

மெல்லும் பேன்கள் எல்லாவற்றையும் முன்பு மல்லோஃபாகா என்ற ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். இப்போது அந்தப் பிரிவை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. பழைய புத்தகத்தைத் திறந்தால் தாளில் பொடிப் பொடியாக ஊருமே, புத்தகப் பேன், அதையும் எல்லாப் பேன்களையும் சோகோடியா என்ற ஒரே வரிசையில் சேர்த்துவிட்டார்கள். பேன்களுக்கு நெருங்கிய சொந்தம் அந்தப் புத்தகப் பூச்சிதான். அலமாரியில் இருப்பதும் கோழி முதுகில் இருப்பதும் ஒரே வம்சம் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பறவைகளில் இருப்பவை இரண்டு பெரும் பிரிவு. ஒன்று ஆம்ப்ளிசெரா. இவற்றின் உணர்கொம்பு தலையோரப் பள்ளத்துக்குள் மறைந்திருக்கும். தோல் மேலேயே ஓடித் திரியும். பறவை செத்தால் விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். இப்போது ஓடிய மெனகாந்தஸ் இந்தப் பிரிவுதான். முளைக்கிற இறகுக் குருத்தைக் கடித்து இரத்தமும் குடிக்கும். அதனால்தான் இந்தக் கோழியின் தோல் இப்படிச் சிவந்திருக்கிறது. மற்றது இஸ்க்னோசெரா. இவற்றின் உணர்கொம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இறகை விட்டு எளிதில் இறங்காது, பறவை செத்தாலும் பற்றிக்கொண்டே கிடக்கும்.

எந்தப் பேன் என்று கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பது அது உட்கார்ந்திருக்கும் இடத்தைத்தான். இறக்கையின் பெரிய இறகுகளுக்கு அடியில் நீளமாக, ஒல்லியாக, அசையாமல் கிடந்தால் அநேகமாக லிப்யூரஸ் கபோனிஸ். தலையிலும் கழுத்திலும் இருந்தால் குக்ளோடோகாஸ்டர். இது குஞ்சுகளுக்கு ஆபத்தானது. இவ்வளவும் ஒரே கோழியின் மேல்! கோழி நமக்கு ஒரு பிராணி, பேனுக்கு அது பல ஊர்கள் உள்ள ஒரு நாடு.

போன வாரம் ஜார்ஜ்டவுனில், குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் பக்கத்தில் ஒரு புறா இறகு கிடைத்தது. இதோ, இரண்டு இழைகளுக்கு நடுவில் கோடு போட்ட மாதிரி ஒன்று தெரிகிறதா? செத்துப்போன பேன். கொலம்பிகோலா கொலம்பே. உயிரினங்களுக்குப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். பாருங்கள், இழைகளுக்கு நடுவே அச்சாகப் பொருந்தியிருக்கிறது. புறா அலகால் கோதும்போது இந்த இடுக்கில் படுத்துத்தான் தப்பிக்கிறது.

இனிமேல்தான் அலகின் கதை வருகிறது. புறாவின் மேல் அலகு நுனி கீழ் அலகைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தொங்கும். அமெரிக்காவில் டேல் கிளேட்டன் என்ற ஆய்வாளரின் குழுவினர் அந்தத் தொங்கலை மட்டும் வெட்டிப் பார்த்தார்கள். தீனி தின்பதில் புறாவுக்கு ஒரு குறையும் வரவில்லை. பேன் மட்டும் பெருகிவிட்டது. அந்தத் துளி நுனிதான் புறாவின் பேன் சீப்பு. இந்தச் சிவப்புக் கோழியிடமிருந்து பிடுங்கியதும் அதைத்தான். எனக்கு ஆறவே இல்லை.

யூட்டா பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனையும் செய்தார்கள், 2019-இல் வெளிவந்தது. சாதாரணப் புறாவின் பேனை உடம்பு பெருத்த வளர்ப்புப் புறாக்கள் மேல் விட்டார்கள். நான்கு ஆண்டுகள், பேனுக்கு ஏறக்குறைய அறுபது தலைமுறை. பேனும் பெரிதாகிவிட்டது. பெரிய பேனையும் பழைய சின்னப் பேனையும் சேர்த்து வைத்தால் ஒழுங்காக இணை சேர முடியவில்லை. புது இனம் பிறப்பதன் முதல் படி இப்படித்தான் இருக்கும்.

குயிலையும் சொல்லாமல் விட மனமில்லை. வேறு பறவையின் கூட்டில் வளர்கிற குக்கூ குயிலுக்கு வளர்த்த தாயின் பேன் தொற்றிக் குடியேறுவதில்லை. குயில் இனத்துக்கென்றே கியூக்குலிகோலா என்ற பேன் இருக்கிறது. கூட்டை விட்டுப் பறக்கும் குஞ்சிடம் அதுகூட இருக்காது. பிறகு தன் இனத்தோடு சேரும்போதுதான் வந்து சேரும். யார் வளர்த்தார்கள் என்பது பேனுக்குக் கணக்கில்லை.

"ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிறாய்" என்று அத்தை உள்ளேயிருந்து சத்தம் போடுகிறார். அத்தை, பெருமாளோ இல்லையோ, உங்கள் கோழி அரிக்கிறதென்று சொல்லத் தெரியாமல் ஒரு மாதமாகத் தவித்திருக்கிறது.

சிவப்பிக்கு மருந்துப் பொடி இப்போதுதான் போட்டேன். மருந்து பேனைக் கொல்லும், ஈரை விட்டுவிடும். ஈர் பொரிக்க ஒரு வாரம் வரை ஆகும். அதனால் பத்து நாள் கழித்து மறுபடியும் போட வேண்டும். ஒரு தரம் போட்டுவிட்டு, பொடி சரியில்லை என்று பலர் சலித்துக்கொள்வது இதனால்தான். அப்புறம், கூரைக்கு அடியில் மழை படாத மூலையில் மண்குளியலுக்காகக் காய்ந்த மணல் கொட்டி வைத்திருக்கிறேன். கறுப்பி ஏற்கெனவே அதில் புரண்டுகொண்டிருக்கிறாள். சிவப்பியை இப்போது இறக்கிவிடுகிறேன். அடைத்து வைத்த இடத்தில் மண்ணைக் கண்டிருப்பாளோ என்னவோ. நிற்கிறாள்... காலால் ஒரு தரம் சீய்க்கிறாள்... ஆ, படுத்துவிட்டாள், பாருங்கள், இறக்கையை விரித்துப் படுத்துவிட்டாள்!