மழை வருமா வராதா: கிளப் மேட்சுக்கு கோல்ஃப் பை கட்டுவது எப்படி?

[காட்சி: விடிகாலை. செம்பனை வரிசைகளுக்கு மேல் மூடுபனி. குனோங் லம்பாக் மலை உச்சி மேகத்துக்குள்.]

வணக்கம். மலேசியாவின் குளுவாங்கிலிருந்து பேசுகிறேன். சனிக்கிழமை பக்கத்து ஊர்க்காரர்களோடு எங்கள் கிளப்புக்கு மேட்ச். தொழில்முறை ஆட்டம் இல்லை, தோற்றால் தேத்தாரிக் வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான். ஆனால் டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், மதியம் ஒன்றரை மணி, மாதமோ அக்டோபர். இரண்டு பருவக்காற்றுகளுக்கு நடுவே வரும் இந்த மாதத்தில் மூன்று நான்கு மணிக்கு இடி முழங்குவது நம் ஊர் வழக்கம்.

வானிலைத் துறையின் மைச்சுவாச்சா செயலியைத் திறந்தால், 'ரிபுட் பெத்திர் டி சத்து டுவா தெம்பாட்' என்று இருக்கும். ஒன்றிரண்டு இடங்களில் இடிமழையாம். அந்த ஒன்றிரண்டில் நம் ஒன்பதாவது ஹோலும் ஒன்றா என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் நாள் முன்னறிவிப்பைவிட, கிளம்புவதற்கு முன் ராடார் படத்தைப் பார்ப்பது மேல். காலை ஆட்டம் என்றால் வேறு கதை. மே முதல் செப்டம்பர் வரை, மலாக்கா நீரிணையில் இரவில் திரளும் சுமத்ரா புயல்மழை சில நாள் விடியற்காலையிலேயே கொட்டிவிடும்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். பிரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் முன் வானத்தை அதிகம் பார்க்க மாட்டார். மரத்துப் பட்டையைத்தான் தொட்டுப் பார்ப்பார். பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் ஓடாது, கண்டபடி வழிந்து வீணாகும். கோல்ஃபில் அந்தப் பட்டை, உங்கள் கையில் இருக்கும் கிரிப், அதாவது மட்டையின் கைப்பிடி.

[காட்சி: மேசையில் கையுறைகள், துண்டுகள், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை.]

அதனால் பை கட்டும்போது முதலில் கையுறை. தோல் கையுறை நனைந்தால் வழுக்கும். குறைந்தது மூன்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் பையில் போடுங்கள். மழைக்கென்றே விற்கும் துணிக் கையுறை ஈரமானால்தான் நன்றாகப் பிடிக்கும், ஒரு ஜோடி வாங்கி வைக்கலாம். துண்டு இரண்டு வேண்டும். ஒன்றைக் குடைக்குள் கம்பியில் தொங்கவிடுங்கள். அது கிரிப்புக்கு மட்டும், சேறு துடைக்க மற்றது. எல்லோரும் விலை உயர்ந்த மழைக்கோட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நம் வெப்பத்தில் அதற்குள்ளேயே வியர்வையில் நனைந்துவிடுவோம். கோட்டுக்குக் கொடுக்கும் பணத்தைக் கையுறைக்குக் கொடுங்கள் என்பேன்.

[காட்சி: தண்ணீர் தேங்கிய பசும்புல் ஃபேர்வே.]

நனைந்த மாட்டுப்புல்லில் பந்து விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும், உருளாது. ஏழாம் நம்பர் அயர்ன் எடுக்கும் இடத்தில் ஆறாம் நம்பர் எடுத்து, மெதுவாகச் சுற்றுங்கள். குழியைச் சுற்றியுள்ள கிரீனும் மந்தமாகும். அங்கே பந்தைக் குழிக்குக் கொஞ்சம் தைரியமாகத் தள்ளலாம்.

இனி விதி. இதைத் தெரியாமல் நான் ஒரு ஹோலையே இழந்திருக்கிறேன். மழைநீர்க் குட்டைக்குள் கிடந்த பந்தை அப்படியே அடித்தேன், சேறு முகத்தில், பந்து புதரில். எதிராளி, அறுபது தாண்டிய அண்ணன், சிரித்தபடி கேட்டார்: "ஏன்டா தம்பி, சும்மா எடுத்து வச்சிருக்கலாமே?" அவர் சொன்னது சரி. தேங்கிய மழைநீர் தற்காலிக நீர். பந்து அதில் கிடந்தாலோ, நீங்கள் நிற்கும் இடத்தில் தண்ணீர் தெரிந்தாலோ அபராதம் இல்லாமல் விலகலாம். தண்ணீர் தொந்தரவு இல்லாத, குழிக்கு நெருங்காத மிகக் கிட்டிய இடத்தைப் பிடித்து, அங்கிருந்து ஒரு கோல்ஃப் மட்டை நீளத்துக்குள், முழங்கால் உயரத்தில் பந்தை விட வேண்டும். காலை ஓங்கி அழுத்தித் தண்ணீரைப் பிழிந்து காட்டினால் செல்லாது. வெறும் சேறும் கணக்கில் வராது. மணல் பள்ளமான பங்கருக்குள் என்றால் இலவச விலகல் பங்கருக்குள்ளேயேதான்.

அடுத்து, ஆட்டத்தை எப்போது நிறுத்தலாம்? மழை மட்டும் காரணமாகாது. மின்னல் ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் நீங்களே நிறுத்தலாம். ஹோல் ஹோலாக மோதும் மேட்ச் பிளேயில் இருவரும் ஒத்துக்கொண்டாலும் நிறுத்தலாம், போட்டி தாமதமாகாத வரை. ஆனால் ஒற்றை நீண்ட சைரன் கேட்டால், பந்து குழிக்கு ஓர் அடியில் இருந்தாலும் தட்டக்கூடாது. தட்டினால் தகுதி நீக்கம். மூன்று குட்டைச் சைரன் என்றால் ஆடிக்கொண்டிருக்கும் ஹோலை முடிக்கலாம்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, கிளம்புங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். பக்கி வண்டி காப்பாற்றாது. நான்கு தூணும் கூரையும் மட்டும் உள்ள குடிசையும் காப்பாற்றாது, செம்பனை நிழல் வேண்டவே வேண்டாம். கிளப் கட்டடம், இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார்.

[காட்சி: காரின் பூட் திறக்கிறது.]

அங்கே இன்னொரு ஜோடி காலுறையும், ஒரு டி-சட்டையும், சிலிப்பரும் வைத்திருங்கள். ஒன்றரை மணிக்கு வெயில் மண்டையைப் பிளந்தாலும் பரவாயில்லை, அவற்றை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.