மாதம் 3 வெள்ளி, ஆனால் காலை ஐந்தரைக்குக் கதவைத் திறப்பது யார்?

(சமூக மன்றத்தில் தொண்டூழியர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு வந்திருக்கிறீர்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சிங்கப்பூரில் அரசாங்க வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம் பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் விட மாதம் எவ்வளவு செலவாகும்? அறுநூறு, எழுநூறு என்பீர்கள். அது பலகையில் போட்டிருக்கும் கட்டணம். அரசாங்க ஆதரவு பெறும் பெரிய நடத்துநர்கள் முழுநாள் பராமரிப்புக்கு, 2026 தொடக்கத்திலிருந்து, பொருள் சேவை வரி நீங்கலாக 610 வெள்ளிக்கு மேல் வாங்கக் கூடாது. வேலைக்குப் போகும் தாய்க்கு அடிப்படை மானியம் 300 வெள்ளி. குடும்பத்தின் மாத வருமானம் 3,000 வெள்ளிக்குள் இருந்தால் கூடுதல் மானியம் 467 வெள்ளி வரை. கூட்டிப் பாருங்கள், கட்டணத்தையே தாண்டிவிடும். அப்போதும் கையிலிருந்து கொஞ்சம் கொடுக்க வேண்டும், ஆனால் அது மாதம் 3 வெள்ளியாகக்கூடக் குறையும். கோப்பிக் கடையில் இரண்டு தேத்தண்ணி குடித்தால் போச்சு.

இது ஒரே நாளில் வந்ததல்ல. 1977-ல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸான என்டியுசி, சமூக விவகார அமைச்சிடமிருந்து பத்துக் காப்பகங்களை எடுத்து நடத்தத் தொடங்கியது. பாலர் பள்ளிகளையும் பராமரிப்பு நிலையங்களையும் மேற்பார்க்கும் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு 2013-ல் வந்தது. கூடுதல் மானியத்துக்கான வருமான வரம்பு 2020-ல் 7,500-லிருந்து 12,000 வெள்ளிக்கு உயர்ந்தது.

ஒரு நிலையத்தின் செலவில் பெரும்பங்கு வாடகையும் சம்பளமும்தான். வாடகை ஏறினால் கட்டணமும் ஏறும். அதனால்தான் பெரிய நடத்துநர்களுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக்குகளில் இடம் கிடைக்க முன்னுரிமையும், நிலையத்தை நடத்த மானியமும் தருகிறார்கள். சம்பளத்தைக் குறைக்க வழியில்லை. ஒன்றரை வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளுக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது விதி. குறைக்கவும் கூடாது என்பேன்.

சரி, இடம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. பிறகு ஏன் சில பிள்ளைகள் இன்னும் பாட்டி வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கின்றன?

ஒரு காரணம் தாள். கடையில் பாதி நாள், யார் வீட்டிலோ பாதி நாள் என்று ரொக்கத்துக்கு வேலை பார்க்கும் ஓர் அக்காவிடம் சம்பளச் சீட்டு கேட்டால் எங்கே போவார்? வேலை இல்லாவிட்டால் மானியம் குறையும், பிள்ளையை விட இடமில்லாவிட்டால் வேலைக்கே போக முடியாது. இந்த முடிச்சை 2024 இறுதியில் ஓரளவு அவிழ்த்தார்கள். குடும்ப வருமானம் 6,000 வெள்ளிக்குள் இருந்தால், 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் முழு மானியம். நல்ல மாற்றம். ஆனால் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறதா? வருமானம் குறைந்த குடும்பங்களின் சிறு பிள்ளைகளுக்காக 2016-ல் தொடங்கிய கிட்ஸ்டார்ட் திட்டத்தில் ஆட்கள் வீட்டுக்கே போய்ப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், புதிய கட்டடத்தைவிட அந்த ஆட்களின் சம்பளம் பயனுள்ள செலவு. நீங்களும் வாடகை புளோக்குகளுக்குப் போகும்போது துண்டுச்சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வராதீர்கள், உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்.

இன்னொரு காரணம் நேரம். இதைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச வந்தேன். நிலையங்கள் பெரும்பாலும் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை. அலுவலகக்காரர்களுக்கு இது போதும். அலுவலகக்காரர் வருவதற்குள் அந்த அலுவலகத்தைத் துடைத்து வைக்கிறவருக்கு? அவர் ஆறு மணிக்கு வேலையில் இருக்க வேண்டும். பகல் மூன்றுக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடியும் ஷிஃப்ட் என்றால் இன்னும் மோசம். 3 வெள்ளிக் கட்டணம் இவர்களுக்கு ஏட்டுச் சுரைக்காய்தான்.

வாடகை புளோக்குகள் அதிகமுள்ள பேட்டையில் ஒரே ஒரு நிலையத்தைக் காலை ஐந்தரைக்குத் திறந்து பார்க்கலாம். அதற்கு இரண்டு ஆசிரியர்களாவது சீக்கிரம் வர வேண்டும், அவர்களுக்கு அதிகாலைப் படி தர வேண்டும், பேருந்து ஓடாத நேரமென்றால் டாக்சிக் காசும் தர வேண்டும். அந்த ஆசிரியர்களுக்கும் பிள்ளை இருக்கும், அதையும் மறக்கக் கூடாது. தாய் கொடுக்கும் 3 வெள்ளியிலிருந்து இதற்குப் பணம் எடுக்க முடியாது. அதிகாலையில் தரை துடைக்க ஆள் கேட்கும் கட்டடம்தான் தர வேண்டும் என்பது என் வாதம். துப்புரவு ஊழியர்களுக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை 2014-ல் துப்புரவு நிறுவனங்களுக்கு உரிம நிபந்தனையானபோதும், ஒப்பந்தச் செலவு கூடும் என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். பிறகு எல்லாரும் கொடுக்கத்தான் செய்தார்கள்.

உங்களில் சிலர் கூட்டுரிமை வீடுகளின் நிர்வாகக் குழுவில் இருக்கிறீர்கள், சிலர் நிறுவனங்களில் ஒப்பந்தங்களைப் பார்ப்பவர்கள். அடுத்த துப்புரவுக் குத்தகைக்கு விலை கேட்கும்போது, வேலை எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்ற வரியைப் பாருங்கள். எட்டுக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். முடியாதென்றால், பிள்ளைப் பராமரிப்புக்கு என்று ஒரு தொகையை அந்த விலையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.